திருப்பிக் கொடுத்த சாவி

தோளில் புதிதாக இரண்டு நட்சத்திரம் ஏறியிருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அடக்கம் என்பது வராது. பெண் எஸ்.ஐ. என்றால் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்து வேடிக்கை பார்த்த காலத்தில் வேலைக்கு வந்தவள் நான். 1995-லிருந்து 2007 வரை பெரம்பலூரையும் அரியலூரையும் சுற்றியே பணி. நான் பிடித்த திருடர்களின் கதையை ஆரம்பித்தால் நீங்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போக முடியாது. ஆனால் நான் மிகவும் பெருமைப்படுகிற வழக்கு ஒன்று உண்டு. அதில் ஒருவரையும் நான் கைது செய்யவில்லை, ஒருவருக்கும் தண்டனை வாங்கித் தரவில்லை. போதாததற்கு ஒரு மெமோவும் வாங்கிக்கொண்டேன். அந்த மெமோ நியாயமானது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

பயிற்சிக் கல்லூரியில் வெளிநாட்டுத் தூதர்களுக்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பைப் பற்றி ஒரு வகுப்பு நடக்கும். எங்களுக்கு அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. பாதிப் பேர் தூங்கினோம். அரியலூருக்கும் வெளிநாட்டுத் தூதருக்கும் என்ன சம்பந்தம்? இங்கே வருவதெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும்தான். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, சில நாள் வைத்திருந்து, பிறகு மனம் மாறி மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த காலம் அது. ஒரு புரட்டாசி சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டமென்றால் கூட்டம். வயலில் விளைந்ததையும் வீட்டில் வளர்ந்ததையும் பெருமாளுக்குக் கொண்டுவந்து கொடுப்பது நம் பக்கத்துச் சனங்களின் வழக்கம். நெல் மூட்டை, கம்பு மூட்டை, கன்றுக்குட்டி எல்லாம் சாலையில் நடந்துகொண்டிருக்கும். நான் பந்தோபஸ்துக்காக அங்கேதான் நின்றிருந்தேன். பத்து மணி இருக்கும். சாலையில் கொஞ்ச தூரத்தில் ஓவென்று சத்தம் எழுந்தது.

ஏட்டையாவோடும் ஒரு கான்ஸ்டபிளோடும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரிய வெள்ளைக் கார் ஒன்று சாலையின் குறுக்கே நின்றது. தார் முழுக்கக் கம்பு சிதறிக் கிடந்தது. தலையில் கம்பு மூட்டையோடு நடந்துபோன செல்லம்மா என்ற அம்மாவை அந்தக் கார் இடித்துவிட்டது. நான் போவதற்குள் அவரை ஒரு வேனில் ஏற்றிவிட்டார்கள். நினைவில்லை, கால் ஒடிந்திருக்கிறது, பிழைப்பாரா தெரியாது என்றார்கள். கான்ஸ்டபிளை அதே வேனில் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

காரின் ஒரு பக்கம் நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் முகம் வெளுத்து நின்றிருந்தார். ஓட்டுபவரின் கதவுப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட குட்டையான மனிதர். சட்டையின் தோளில் ரத்தம். என்னைப் பார்த்ததும் அவரே முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாங்க ஓட்டுனேன். எம்பேரு தங்கராசு. வரதராஜன்பேட்டைதான் ஊரு. சார் சும்மா பக்கத்துல உக்காந்து வந்தாரு. என்னையப் புடிங்க மேடம்."

உடனே அவர் மேல் நாலைந்து கைகள் விழுந்தன. தடுத்தேன். தடுத்த கையோடு இன்னொரு கையை சன்னலுக்குள் விட்டு, கார் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். நம் இலாகாவுக்கு இது கூடவே வளர்ந்த பழக்கம். மூளை யோசிப்பதற்குள் கை சாவியைப் பிடுங்கிவிடும். கூட்டம் கைதட்டியது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஏட்டையாதான் காதருகே வந்து, "மேடம், நம்பர் பலகையைப் பாருங்க" என்றார்.

நீலப் பலகை. வெள்ளை எழுத்தில் நடுவே சி.டி. என்று இருந்தது. தூதரக வண்டி. தூங்கிப்போன அந்த மதிய வகுப்பு எனக்குச் சட்டென்று விழித்துக்கொண்டது. பையில் கிடந்த சாவி சுடுகிற மாதிரி இருந்தது.

அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கான எடைமேடை ஒன்று உண்டு. அதன் அறையில் டெலிபோன் இருந்தது. வெள்ளைக்காரரையும் தங்கராசுவையும் உள்ளே கூட்டிப்போய், ஏட்டையாவை வாசலில் நிறுத்தினேன். வெளியே சனம் கூடிக்கொண்டே போனது. செல்லம்மாவின் மகன் வந்துவிட்டிருந்தான். முப்பது வயது ஆள். "அந்தாள வெளிய அனுப்புங்க" என்று கதவை உதைத்தான். சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

வெள்ளைக்காரர் அடையாள அட்டையைக் காட்டினார். டெல்லியில் ஒரு நாட்டுத் தூதரகத்தில் அதிகாரி. எந்த நாடு என்று இன்றும் சொல்லமாட்டேன். வேலையாகக் காரிலேயே சென்னை வந்தவர், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார். தன் ஊர்ப் பக்கம் என்பதால் தங்கராசு பெருமாள் கோயிலையும் காட்டக் கூட்டிவந்திருக்கிறார்.

பெரம்பலூர் கண்ட்ரோல் ரூமைப் பிடித்தேன். அவர்கள் சென்னையில் வெளிநாட்டு விருந்தினர் விஷயங்களைப் பார்க்கும் அரசாங்கத்தின் புரோட்டோகால் பிரிவு எண்ணைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை, யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே சுழற்றினேன். ஒருவர் எடுத்தார். வயதான குரல், அவசரமே இல்லாத குரல். பேர் கேட்கத் தோன்றவில்லை. முகமும் இன்றுவரை தெரியாது. இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார் அவர்தான்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவி எங்கம்மா இருக்கு?" என்றார்.

"என் பையில சார்."

"திருப்பிக் குடுத்துடுங்க. அந்த வண்டிய நீங்க பிடிச்சு வைக்க முடியாது, சோதனை போட முடியாது. அவரைக் கைது பண்ண முடியாது, வாக்குமூலம் குடுன்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. அவர் மேல ஒரு கல்லு விழுந்தாலும் நம்ம நாட்டுக்குத்தான் தலைகுனிவு. அதுவும் உங்க பொறுப்பு."

"சரி சார்." ரிசீவரை வைக்கப் போனேன்.

"இருங்க, வச்சிடாதீங்க. வண்டியில எத்தனை பேரு?"

"அவரும் டிரைவரும் சார்."

"டிரைவர் நம்ம நாட்டு ஆளா?"

"வரதராஜன்பேட்டை சார்."

"அப்ப அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உங்களை மாதிரி, என்னை மாதிரி சாதாரண ஆளு. இந்தச் சலுகை வண்டிக்குன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. அது ஆளைப் பொறுத்ததும்மா. ஒவ்வொரு தலையா தனித்தனியா கேட்டுப் பாருங்க. யாரு, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க."

போனை வைத்தேன். இப்போது நான் செய்ய வேண்டியது என்னவென்று புரிகிறதா? எந்தக் கூட்டம் பத்து நிமிடத்துக்கு முன் கைதட்டியதோ, அதே கூட்டத்தின் முன்னால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போலீஸ்காரருக்கு அடி வாங்குவது கூடச் சுலபம், இது கஷ்டம்.

வெளியே வந்து, லாரிகளுக்கு வழி விட வேண்டும் என்று சொல்லி, எல்லோரும் பார்க்கச் சாவியைத் தங்கராசுவிடம் நீட்டினேன். "ஓரமா நிறுத்துங்க" என்றேன். கூட்டத்தில் ஊ என்று கூச்சல். "வெள்ளத்தோலப் பாத்ததும் போலீசு படுத்துருச்சு" என்று ஒருவன் கத்தினான். காது கூசியது. கூட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் அதைப் பார்த்தேன். தங்கராசு ஏறி உட்கார்ந்தார். கால் கிளச்சுக்கு எட்டவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு நெம்புகோலைத் தேடினார். சீட்டு கிறீச்சென்று முன்னால் நகர்ந்தது. அப்புறம் கையைத் தூக்கி நடுக் கண்ணாடியைத் தன் உயரத்துக்கு ஏற்பக் கீழே திருப்பிக்கொண்டார். இவ்வளவையும் அவர் யோசித்துச் செய்யவில்லை, பழக்கத்தில் செய்தார். பிறகு காரைப் பதமாக ஓரம் கட்டினார்.

அங்கே நின்ற நூறு பேரில் அதைக் கவனித்தது நான் ஒருத்திதான். சாவியைப் பையிலேயே வைத்திருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

எடைமேடை அறைக்குள் போன் அடித்தது. மேலதிகாரி. அவர் பேரும் பதவியும் வேண்டாம், அவரும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார். "டிரைவர் ஒத்துக்கிட்டான்ல? அவன் மேல எஃப்.ஐ.ஆர். போடு. வெள்ளைக்காரரை மரியாதையா அனுப்பு. ஜனங்களும் அடங்கிடும். எல்லாருக்கும் நல்லது" என்றார்.

எல்லாருக்கும் நல்லதுதான், தங்கராசுவைத் தவிர. செல்லம்மா பிழைக்காவிட்டால் ரெண்டு வருஷம் வரை உள்ளே. பிழைத்தாலும் வழக்கு, வாய்தா, டெல்லிக்கும் அரியலூர் கோர்ட்டுக்கும் அலைச்சல். லைசென்ஸ் போனால் பிழைப்பே போகும். "விசாரிச்சுட்டுச் சொல்றேன் சார்" என்றேன். "என்னத்த விசாரிக்கிறே, அவனே சொல்றான்" என்று அவர் கத்தும்போது வைத்துவிட்டேன்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். லாரி இடித்தால் முதலாளிக்காக டிரைவர் முன்னால் வருவான். கிளீனர் ஓட்டியிருந்தாலும் டிரைவர்தான் தலையைக் கொடுப்பான். சில சமயம் முதலாளியின் மகன் ஓட்டியிருப்பான். இந்தப் பக்கத்தில் இது சாதாரணம், நாமும் அதைத் தெரிந்தேதான் எழுதிக்கொள்கிறோம். வலிய வருகிற ஆளை வேண்டாமென்று சொல்ல நமக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. நானே அதற்கு முன்னால் அப்படி எழுதியிருக்கிறேன். எத்தனை என்று கேட்காதீர்கள்.

தங்கராசுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"சீட்டு ஏன் அவ்ளோ பின்னாடி இருந்துச்சு?"

"ரோடு குண்டும் குழியுமா இருக்குங்க. தானா நவுந்திருக்கும்."

"கண்ணாடியும் தானா திரும்பிக்கிச்சா?"

சட்டைத் தோளில் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினார்.

"யாரு ஓட்டுனது?"

"மேடம், விட்டுருங்க. ஊரு ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்னு ஆசப்பட்டாரு. கோயிலு கிட்ட சனமா இருக்கும், நான் ஓட்டுறேன்னு சொன்னேன், இன்னும் கொஞ்ச தூரம்னாரு. நல்ல மனுசனுங்க. எம்பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராத்திரியெல்லாம் கூட நின்னாரு. அவர ஜெயில்ல போட்டா நல்லாருக்குமா?"

"அவரை யாரும் ஜெயில்ல போட முடியாதுய்யா. நம்ம கோர்ட்டு அவரைக் கூப்பிடக்கூட முடியாது."

"அதான மேடம், எனக்கும் ஒண்ணும் ஆவாதுல்ல? நீலப் பலகை வண்டிதான? பதினாலு வருசமா ஓட்டுறேன், டெல்லியில ஒரு போலீசு கை காட்டி நிறுத்துனதில்ல. நான் ஒத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லாம போயிடும்னுதான்..."

எனக்குக் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது. "பலகை உன்னைக் காப்பாத்தாது. அது அவருக்கு மட்டும்தான். அவரு ஏற்கெனவே பத்திரமா இருக்காரு. நீ யாரைக் காப்பாத்துறேன்னு நெனச்சு உள்ள போகப் பாக்குறே?"

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது எனக்குத் தெரியாதுங்களே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

தங்கராசு சொன்னது வாய்ச்சொல். அதை அவர் நாளைக்கே மாற்றிச் சொல்லலாம். இடித்த நேரத்தில் எல்லோர் கண்ணும் செல்லம்மா மேல் இருந்ததால், ஓட்டியது யாரென்று பார்த்ததாகச் சொல்லக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரரை நான் கேள்வி கேட்க முடியாது. ஆனால் நடந்ததைச் சொல்வதற்கு எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. அவரிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னேன். ஐயா, உங்களை நான் எதுவும் கேட்கப்போவதில்லை. உங்களுக்கு எந்த ஆபத்தும் வராது, நான் பொறுப்பு. ஆனால் உங்கள் டிரைவர் தான்தான் வண்டியை ஓட்டியதாக எல்லார் முன்னாலும் தமிழில் சொல்லிவிட்டார், அது உங்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவருக்கு உங்களைப் போலப் பாதுகாப்பு இல்லை.

அவருக்குப் புரிந்திருக்கவில்லை. சத்தியமாகப் புரிந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தூதரகத்துக்குப் போன் செய்ய அனுமதி கேட்டார். பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. எதையும் சொல்லாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே என்பதுதான் சாரம்.

போனை வைத்துவிட்டு அந்தச் சின்ன அறையில் நடந்துகொண்டே இருந்தார். வெளியே கதவு மறுபடி அதிர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிக நீளமான ஐந்து நிமிடம் அது, என் வீட்டுக்காரர் கேட்டால் நம்ப மாட்டார்.

பிறகு அவர் ஒரு தாள் கேட்டார். எடைச்சீட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது. அதில் மூன்று வரி எழுதினார். வண்டியை ஓட்டியது நான். தங்கராசு வேண்டாமென்று சொன்னார். இதை யாரும் கேட்காமல் நானே எழுதித் தருகிறேன். கீழே கையெழுத்து. அந்தத் தாளால் அவருடைய பாதுகாப்பு போய்விடாது. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கே கிடையாது, அவரை அனுப்பிய நாட்டுக்குத்தான் உண்டு. ஆனால் தங்கராசுவுக்கு அந்தத் தாள் போதும்.

இனிக் கூட்டம். எடைமேடையின் மேல் ஏறி நின்றேன். உண்மையை அப்படியே சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஓட்டுனது டிரைவர் இல்ல, அந்த வெளிநாட்டுக்காரரு. எழுதிக் குடுத்துட்டாரு. அவரை நான் கைது பண்ண முடியாது, சட்டம் இல்ல. அவர் பேர்லயே கேசு எழுதுறேன். அரசாங்கம் மூலமா அவங்க தூதரகத்துக்கு அனுப்புறேன்."

செல்லம்மாவின் மகன் முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது. "அப்ப எங்கம்மாவ இடிச்சவன் கார்ல ஏறிப் போயிடுவான். அப்படித்தான?"

"போயிடுவாருதான். நம்ம ஆளு ஒருத்தரு அவங்க ஊர்ல இதே உத்தியோகத்துல இருந்தா அங்கயும் இப்படித்தான் விடணும். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட சட்டம் இது. டிரைவரைப் புடிச்சு ஜீப்புல ஏத்தியிருந்தா நீயும் கலைஞ்சு போயிருப்பே, நானும் இந்நேரம் ஸ்டேஷன்ல உக்காந்து டீ குடிச்சிருப்பேன். உனக்குப் பொய்யா ஒரு ஆளு வேணுமா, சொல்லு. இப்பவே புடிச்சுத் தரேன்."

மகன் எடைமேடைக்கு இன்னும் ஓர் அடி கிட்டே வந்தான். "ஒங்க சட்டத்துல தீய வைக்க" என்றான். பிறகு காறித் துப்பிவிட்டு, வழியை விட்டு விலகி நின்றான். அவன் விலகியதும் மற்றவர்களும் விலகினார்கள். ஒரு கல்லும் விழவில்லை. வெள்ளைக்காரரை என் ஜீப்பில் ஏற்றிப் பெரம்பலூர் அனுப்பினேன். தங்கராசு பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார். சிதறிய கம்பை ஏட்டையா நாலு பேரை வைத்துக் கூட்டி அள்ளி, கோயிலில் சேர்த்துவிட்டார். அது நான் சொல்லிச் செய்ததல்ல, அவராகச் செய்தது.

மேலதிகாரி சாவியைப் பிடுங்கியதற்காக எனக்கு மெமோ கொடுத்தார். டிரைவர் மேல் நான் எஃப்.ஐ.ஆர். போடாத கோபமும் அதில் கலந்திருந்தது, ஆனாலும் தப்பு தப்புதான். விளக்கத்தில் ஒரே வரி எழுதினேன்: பழக்கத்தில் எடுத்தேன், தவறு, உடனே திருப்பிக் கொடுத்தேன். வழக்குக் கோப்பு டெல்லி வரை போனது. தூதரகம் செல்லம்மாவின் வைத்தியம் முழுவதையும் ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் அந்த அதிகாரியைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தண்டனையா, மாற்றலா, தெரியாது. கோப்பில் கடைசியாக எழுதியிருந்தது, மேல் நடவடிக்கை இல்லை என்பது. இதை என் தோல்வி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லம்மாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. காலில் பெரிய கட்டு. மகன் கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"வண்டிய யாரு ஓட்டுனாங்கன்னு பாத்தீங்களாம்மா?"

"பாக்காம என்ன? அந்த நெட்ட வெள்ளக்காரருதான். கண்ணுக்கு நேரா பாத்தேன்ல."

சீட்டையும் கண்ணாடியையும் பார்த்துக் கண்டுபிடித்ததாக ராத்திரி முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தங்கராசு பேரில் எழுதியிருந்தால், ஒரு நாள் கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று இதையே சொல்லியிருப்பார். அல்லது இவரைச் சாட்சியாகவே சேர்க்காமல் விட்டிருப்போம். அதுதான் நடந்திருக்கும், நம்மை எனக்குத் தெரியும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குட்டையா ஒரு புள்ள எறங்கி ஓடியாந்துச்சு. தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, ஒண்ணும் ஆவாதும்மா, ஒண்ணும் ஆவாதும்மான்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. அம்புட்டுதான் நெனப்பு இருக்கு. அந்தப் புள்ளையப் போட்டு அடிச்சாங்களாமே? அத என்ன பண்ணீங்க? புடிச்சு வச்சிருக்கீங்களா?"

எத்தனையோ மேடையில் நின்று, இத்தனை பேரைப் பிடித்தேன் என்று சொல்லிப் பதக்கம் வாங்கியிருக்கிறேன். அதில் எதிலும் என் குரல் அப்படி நிமிர்ந்து வந்ததில்லை.

"இல்லம்மா. விட்டுட்டேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டார்.